சுட்ட உள்ளிச் சம்பல்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உருவிலே சிறியது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுவது. அதுதான் உள்ளி. தமிழகத்தார் பூண்டு என்றும் வெள்ளைப்பூண்டு என்றும் வழங்குவதை யாழ்ப்பாணத்தவராகிய நாம் உள்ளி என்றே வழங்கி வருகிறோம். இந்த உள்ளியைத் தணலிலே சுட்டு, மென்மையாக மசித்து, தேங்காய்ப்பாலோடு கூட்டி, வெண்ணெய் போன்று வழுவழுப்பான ஒரு தொடுகறியாக வீட்டிலே ஆக்கிக்கொள்ளும் முறையைப் பற்றியே இன்றைய பேச்சு அமையும். அதனோடு, அதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. பேச்சின் பிற்பகுதியை அதற்காக ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் குடாநாட்டுச் சமையலில் உள்ளி சேராத நாள் குறைவு. இரசத்துக்கு மிளகு, சீரகத்தோடு உள்ளியும் தட்டிப் போடுகிறோம். குழம்பிலே முழுப் பல்லாக இடுகிறோம். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமாக ஆக்கும் சரக்குக் கறியிலே அதற்குத் தனி இடம் உண்டு. விரத நாட்களில் அதனை விலக்கி வைக்கும் வீடுகளும் பல. ஆயினும் இவை எல்லாவற்றிலும் உள்ளி ஒரு துணைப் பொருளே. மீனுக்குத் துணை, பருப்புக்குத் துணை, புளிக்குத் துணை. அதனையே தலைமைப் பொருளாக வைத்து ஒரு கறியோ சம்பலோ ஆக்குவது அரிது. காரணம் அதன் காரம். ஒரு பல்லைப் பச்சையாகக் கடித்தவர் இன்னொரு பல்லைக் கடிக்க விரும்பமாட்டார். பத்துப் பேருக்கு ஆக்கும் கறியிலே ஆறு பல் சேர்த்தாற் போதும் என்று நினைக்கும் நாம், ஆறு பேருக்கு நான்கு முழு உள்ளி என்றால் திகைக்கத்தான் செய்வோம். திகைப்பு வேண்டாம். நெருப்பு அந்தக் காரத்தை இனிப்பாக்கித் தரும்.

இந்த முறை எங்கிருந்தோ இரவல் வாங்கியது என்று யாரும் எண்ணவேண்டியதில்லை. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை அறியாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. கத்தரிக்காயை அடுப்புத் தணலிலே புரட்டிப் புரட்டிச் சுட்டு, கருகிய தோலை உரித்து, சதையைக் கையாற் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, உப்பும் தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் விட்டுக் குழைத்தால் அச்சம்பல் ஆயிற்று. தணலிலே சுடுவது, பாலிலே குழைப்பது, கடைசியிலே புளி விடுவது என்னும் இம்மூன்று செயல்களுமே சுட்ட உள்ளிச் சம்பலுக்கும் வேண்டியவை. கத்தரிக்காய் இருந்த இடத்தில் உள்ளியை வைக்கிறோம், அவ்வளவே.

பிற நாட்டாரும் உள்ளியைத் தொடுகறியாக்கி உண்கின்றனர். ஸ்பானிய நாட்டின் கற்றலோனியப் பகுதியில் உள்ளியையும் ஒலிவெண்ணெயையும் கல்லுரலிலே இடித்துக் களியாக்குவர். அதற்கு அலியோலி என்று பெயர். லெபனானிலே அதனையொத்த வெண்ணிறக் களியைத் தூம் என்பர். அரபு மொழியிலே உள்ளிக்கே அப்பெயர். கிரேக்கர் உள்ளியோடு உருளைக்கிழங்கையோ ஊறவைத்த பாணையோ சேர்த்து இடிப்பர். இவையெல்லாம் பெரும்பாலும் பச்சை உள்ளியால் ஆக்கப்படுபவை. ஆகவே காரம் மிகுந்தவை. அவர்களுக்கு ஒலிவெண்ணெய் எப்படியோ, எமக்குத் தேங்காய்ப்பால் அப்படி. கொழுப்பும் குளிர்ச்சியும் வழுவழுப்பும் ஒருங்கே தரவல்ல பொருள் எங்கள் முற்றத்துத் தென்னையிலேயே தொங்குகிறது.

உள்ளியோ அப்படியன்று. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணிலே கிணற்று நீர் பாய்ச்சிச் சின்ன வெங்காயத்தை மலைமலையாக விளைவிக்கும் எங்கள் கமக்காரருக்கு உள்ளி கைவந்த பயிரன்று. இலங்கையில் நாம் உண்ணும் உள்ளியிற் பெரும்பகுதி கப்பலேறி வருவதே. சுன்னாகத்துச் சந்தையிலும் திருநெல்வேலிச் சந்தையிலும் உள்ளூர் வெங்காயத்துக்கு அருகே அந்தப் பிறநாட்டு உள்ளியும் குவிந்திருக்கும். விலை கொடுத்து வாங்கும் பொருளாகையால் பார்த்து வாங்கவேண்டும். கையிலே எடுத்தால் கனமாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. உச்சியிலே பச்சை முளை எட்டிப் பார்க்குமானால் அதனை விட்டுவிடுக. முளைத்த உள்ளியின் நடுக்குருத்துக் கசக்கும். மேற்றோல் கிழியாது முழுதாக மூடியிருப்பது சுடுவதற்கு மிகவும் உகந்தது. அது ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

உள்ளியின் காரம் எங்கிருந்து வருகிறது? உரிக்காத முழு உள்ளியை முகர்ந்து பாருங்கள்; மணமே இராது. வெட்டினாலோ நசுக்கினாலோதான் மணமும் காரமும் எழுகின்றன. உள்ளிப் பல்லினுள் அல்லீன் என்ற ஒரு பொருள் உண்டு. அதற்கு மணமில்லை. அதற்கு அயலிலேயே, வேறோர் அறையிலே அடைபட்டாற்போல, ஒரு நொதியமும் இருக்கிறது. பல்லை நசுக்கும்போது இடைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. கலந்த சில விநாடிகளிலே அலிசின் என்னும் காரப்பொருள் பிறக்கிறது. இந்த அலிசினை 1944ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கவலிற்றோ, பெயிலி என்னும் இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினர். அதன் தாய்ப்பொருளாகிய அல்லீனை 1948இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

நொதியம் ஒரு புரதப் பொருள். முட்டையின் வெண்கரு சூட்டிலே இறுகிவிடுவது போல, இதுவும் சூடு ஏறியவுடன் செயலிழந்துவிடும். ஆகவே உள்ளியை முழுதாகச் சுட்டுவிட்டுப் பின்னர் நசுக்கினால், அலிசின் பிறப்பதற்கு வழியில்லை. முதலில் நசுக்கிவிட்டுப் பின்னர் சூடாக்கினாலோ, காரம் பிறந்தபின்புதான் நெருப்பு வருகிறது. பொருள் ஒன்றே, நெருப்பும் ஒன்றே. செய்யும் வரிசை மாறினாற் சுவையும் மாறிவிடுகிறது. இச்சம்பலுக்குரிய வரிசையை இரண்டே சொற்றொடரில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: முதலில் நெருப்பு, பின்னர் அம்மி.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கலாம். உள்ளியிலுள்ள நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சியதிற் பெரும்பங்கு, இனிப்புச் சத்துகள் மணிமணியாகக் கோத்தமைந்த நீண்ட சங்கிலிகளே. பச்சை உள்ளியில் காரம் மேலோங்கி நிற்பதால் நாக்கு அந்த இனிப்பை உணர்வதில்லை. காரம் பிறக்கும் வழியை நெருப்பு அடைத்துவிட்டபின், மறைந்திருந்த இனிப்பு வெளிப்படுகிறது. நெடுநேரச் சூட்டிலே அச்சங்கிலிகளிற் சில அறுபட்டு இனிப்பு மேலும் கூடுகிறது. பற்கள் பொன்னிறமாகும்போது பனங்கட்டியை நினைவூட்டும் ஒரு மணமும் சேர்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஐந்தாறு பேர் தொட்டுண்பதற்கு நான்கு முழு உள்ளி, அதாவது ஏறத்தாழ 200 கிராம், பாதித் தேங்காய், சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் இரண்டு, பாதித் தேசிக்காய், உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகுதூள் ஒரு சிட்டிகை. இவை போதும். இஞ்சி வேண்டியதில்லை. மஞ்சளும் வேண்டியதில்லை.

விறகடுப்பு உள்ள வீட்டில் சோறு வடித்து முடிந்தபின் எஞ்சும் தணலே இதற்கு ஏற்றது. தனியாக விறகு எரிக்கவேண்டியதில்லை. செந்தணலை ஒருபுறம் ஒதுக்கி, சூடான சாம்பலிலே குழி செய்து, உள்ளிகளைத் தோலோடு முழுதாக வைத்து, மேலும் சாம்பலால் மூடி, அதன்மேல் சிறிது தணலைப் பரப்புக. ஒரு துண்டு வாழையிலையிற் பொதிந்து வைத்தால் சாம்பல் ஒட்டாது. சிரட்டைக் கரி உபயோகிப்போர் சூடு கடுமையாக இருப்பதை உணர்ந்து உள்ளியைச் சற்று விலக்கி வைக்கவேண்டும். இருபத்தைந்து நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை செல்லும். இடையிலே ஒரு முறை புரட்டிவிடுக.

வெந்துவிட்டதா என்று அறிய ஓர் ஈர்க்குப் போதும். உள்ளியின் நடுவிலே ஈர்க்கைச் செலுத்தினால், வெண்ணெயிலே செல்வது போல எதிர்ப்பின்றிச் செல்லவேண்டும். சற்றே தடைபட்டாலும் இன்னும் ஐந்து நிமிடம் விடுக. அரைவேக்காட்டு உள்ளியிலே காரமும் எஞ்சும். அம்மியிலே திப்பி திப்பியாகவும் நிற்கும்.

மேற்றோல் கிழியாத உள்ளி வேண்டும் என்று முன்னர் சொன்னதன் காரணம் இங்கே விளங்கும். அந்தத் தோல் ஒரு சிறு பானையின் வேலையைச் செய்கிறது. வெளித்தோல் கருகினாலும், உள்ளே பற்கள் தம் சொந்த ஈரத்தின் ஆவியிலேயே அவிகின்றன. உரித்த பல்லை நேரே நெருப்பிலோ கொதிக்கும் எண்ணெயிலோ இட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். கருகிய உள்ளி கசக்கும்; அக்கசப்பை எந்தப் பாலாலும் மறைக்க இயலாது.

வாயு அடுப்பு மட்டும் உள்ளவர்கள் அடி கனத்த மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ ஒரு விரற்கிடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் உள்ளிகளை வைத்து, இறுக மூடி, மிகச் சிறிய சுவாலையில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் விடலாம். கால்மணிக்கு ஒரு முறை புரட்டவேண்டும். அந்த உப்பை ஆறவிட்டு எடுத்துவைத்து மறுமுறையும் இதற்கே உபயோகிக்கலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற குளிர்நாடுகளிலும் வாழும் எம்மவர், உள்ளியைப் பொதிந்து 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள போறணையிலே நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வைத்தாற் போதும். தணலின் புகைமணம் ஒன்றுதான் அங்கே குறையும்.

உள்ளி ஆறும் நேரத்திலே தேங்காயைக் கவனிப்போம். பாதித் தேங்காயைத் துருவி, அந்தத் தேங்காய்ப்பூவிலே 100 மில்லிலீற்றர் அளவு இளஞ்சூட்டு நீர் விட்டு, நன்றாகப் பிசைந்து பிழிக. இளஞ்சூடு என்றால் விரல் தாங்கும் சூடு. இதுவே முதற்பால். ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் கிடைக்கும். மீண்டும் நீர் விட்டுப் பிழியும் கப்பிப்பாலை அன்றைய சொதிக்கு வைத்துக்கொள்க, சம்பலிலே சேர்க்கற்க, சேர்த்தால் நீர்த்துப்போகும். 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025இலும் தேங்காய் விலை இலங்கை முழுவதிலும் ஏறிய ஏற்றத்தை இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். பாதித் தேங்காயிலே ஒரு சம்பலும் ஒரு சொதியும் ஆகுமானால் அது சிக்கனமே. தேங்காய் அகப்படாத நாளில் நீர் வடித்த கெட்டித் தயிரை அதே அளவிற் கூட்டலாம், அப்போது அது பச்சடியின் சாயலைப் பெறும், தேசிப்புளி தேவைப்படாது.

இப்போது அம்மி. சுட்ட உள்ளியின் அடிப்பகுதியை அரிந்துவிட்டு மேலிருந்து அழுத்தினால், பற்கள் தோலை விட்டுத் தாமாகவே வழுக்கி வெளியே வரும். அவற்றை அம்மியிலே உப்போடு வைத்து அரைக்கவேண்டும். உப்பை முதலிலேயே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. உப்பின் பரல்கள் சிறு கற்களைப் போல நின்று உள்ளியை மேலும் நுண்ணியதாக அரைத்துத் தரும். திப்பியின்றி, சந்தனம் போல ஆகும்வரை அரைக்கவேண்டும். வெந்த உள்ளியாகையால் ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லாது.

அரைத்த விழுதை ஒரு மண்சட்டியிலோ கிண்ணத்திலோ இட்டு முதற்பாலைச் சேர்க்கத் தொடங்குக. இங்கேதான் பொறுமை வேண்டும். எல்லாப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் விழுது ஒரு புறமும் பால் ஒரு புறமுமாக நிற்கும். முதலில் ஒரு கரண்டி. அது முற்றாகக் கலந்தபின் இன்னொரு கரண்டி. தேங்காய்ப்பால் என்பது நீரிலே நுண்ணிய நெய்த்துளிகள் மிதக்கும் கலவை. அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தேங்காயின் புரதம் அவற்றைச் சூழ்ந்து காக்கிறது. உள்ளி விழுது மிக நுண்ணியதாகையால் அதுவும் துளிகளினிடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கும். சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினால், முன்னர் சொன்ன வெண்ணெய் போன்ற வழுவழுப்பு தானே அமையும். 100 மில்லிலீற்றர் சேர்ந்ததும் நிறுத்திப் பார்க்கவும். கரண்டியின் பின்புறத்திலே தடிப்பாகப் படிந்தால் போதும். கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள இப்பதம் ஏற்றது. இடியப்பத்தின்மேல் விட்டுக்கொள்ள விரும்பினால் எஞ்சிய பாலையும் சேர்க்கலாம்.

மின்சார அரைக்கும் பொறி உள்ளோர் அதனையும் உபயோகிக்கலாம். ஆனால் பாலை ஊற்றியபின் நெடுநேரம் ஓடவிடக் கூடாது. பொறியின் வேகமும் சூடும் கூடினால் நெய் பிரிந்து, சம்பல் எண்ணெய்ப் பசையாகிவிடும்.

இனி வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் மிகப் பொடியாக அரிந்து கலக்குக. மிளகுதூளைத் தூவுக. பரிமாறுவதற்குச் சற்று முன்னராகத் தேசிப்புளியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குக. புளியைக் கடைசிக்கு விடுவது ஏன் என்பது சொதி ஆக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அடுப்பிலே கொதிக்கும் சொதியிலே புளி விட்டால் அது திரைந்துவிடும். இறக்கி, சற்று ஆறவிட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே புளி விடுவதே முறை. புளியும் கடுஞ்சூடும் தேங்காய்ப் புரதத்தைத் திரளச் செய்பவை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தாற் பால் தப்பாது. அதனால்தான் இச்சம்பலை அடுப்பிலே வைத்துச் சூடாக்க வேண்டாம் என்கிறேன். இளஞ்சூடாக உண்ண விரும்புவோர் சுடுநீர்ப் பாத்திரத்தின்மேற் கிண்ணத்தைச் சிறிது நேரம் வைத்தால் போதும்.

சில வேளைகளில் புளி விட்டபின் சம்பலிலே இலேசான பச்சை நிறமோ நீல நிறமோ தோன்றக்கூடும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சரியாக வேகாத உள்ளியிலுள்ள கந்தகப் பொருள்கள் புளியோடு சேரும்போது எழும் நிறம் அது. நஞ்சன்று. மறுமுறை இன்னும் சற்று நேரம் சுடவேண்டும் என்பதே அதன் பொருள்.

எதனோடு உண்பது? அவித்த மரவள்ளிக் கிழங்கோடு உண்பதே முதற்றரமானது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்பது எங்கள் மூத்தோர் கைக்கொண்டு வந்த வழக்கம். இச்சம்பலில் இஞ்சியில்லாமையால் அவ்வழக்கத்துக்கும் இடையூறில்லை. அவித்த பனங்கிழங்கு, பிட்டு, இடியப்பம், தோசை, நெருப்பிலே வாட்டிய பாண் ஆகிய எல்லாவற்றோடும் இசையும். மச்சம் உண்போர் பொரித்த மீனையோ அவித்த நண்டையோ இதிலே தோய்த்து உண்ணலாம். செத்தல் மிளகாய்ச் சம்பலின் உறைப்பைத் தாங்காத முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பச்சை மிளகாயை விலக்கி ஆக்கிக் கொடுத்தால், பல்லில்லாத பாட்டனாரும் பாணைத் தோய்த்து விருப்போடு உண்பார்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சற்றுக் கூர்ந்து கேட்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் மக்கள் உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். ஊருக்கு வந்து திரும்பும் பிள்ளைக்குத் தாய் பொதி கட்டுகிறாள். மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய் என்று ஒவ்வொன்றாக அப்பொதியில் ஏறுகின்றன. பிள்ளைக்குப் பிடித்த இச்சம்பலையும் ஒரு போத்தலில் அடைத்து, மேலே எண்ணெய் விட்டு மூடிக் கொடுத்தனுப்பலாமே என்று ஒரு தாய்க்குத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்யவே கூடாது.

மண்ணிலே வாழும் ஒருவகைப் பற்றீரியா உண்டு. குளொஸ்ற்றிடியம் பொற்றுலினம் என்பது அதன் பெயர். மண்ணுக்குள் விளையும் உள்ளியிலே அதன் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றுப்படும் இடத்திலே அவை முளைக்கமாட்டா. ஆகையால் கூடையிலே கிடக்கும் உள்ளியால் ஆபத்தில்லை. காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த, ஈரமுள்ள, சூடான இடத்திலோ அவை முளைத்துப் பெருகிக் கொடிய நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய உள்ளிக்கு இந்த நான்கு நிலைகளும் ஒருங்கே பொருந்துகின்றன. நெருப்பிலே சுட்டுவிட்டோமே, கிருமி செத்திருக்குமே என்று எண்ணற்க. அவ்வித்துகள் கொதிநீரின் சூட்டையும் தாங்கவல்லவை. தணலிலே சுடும் உள்ளியின் உட்புறம் அதனிலும் மிகுந்த சூட்டை அடைவதில்லை. பாதித் தேசிக்காயின் புளிப்பும் அவற்றைத் தடுக்கப் போதாது. நஞ்சு சேர்ந்த உணவு நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சன்று. 1985ஆம் ஆண்டிலே கனடாவின் வன்கூவர் நகரத்து உணவுச்சாலை ஒன்றில், எண்ணெயிலிட்ட உள்ளியைக் குளிரிலே வையாது வெளியே வைத்து உபயோகித்ததால் 36 பேர் இந்நஞ்சுக்கு ஆளாயினர். 1989இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கிங்ஸ்ரன் நகரிலே இத்தகைய போத்தல் உள்ளியை உண்ட மூவர் நோயுற்றனர். அதன்பின்னரே, எண்ணெயிலிட்டு விற்கும் உள்ளியில் அமிலம் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. கண் இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை இந்நஞ்சின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று கண்டாலும் கைமருந்து தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

எங்கள் பழைய வழக்கத்திலே இந்த ஆபத்துக்கு இடமிருக்கவில்லை. அந்த வேளைக்கு வேண்டியதை அந்த வேளையிலே அரைத்து, அந்த வேளையிலேயே உண்டு முடித்தோம். 1990களிலே குடாநாடு மின்சாரமின்றி இருளிலே கிடந்த ஆண்டுகளில், குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தோரும் அம்முறைக்கே திரும்பினர். இன்று அப்பெட்டி பல வீடுகளில் உண்டு. அது நல்லதே. ஆனால் உணவு அதனுள்ளே என்றென்றும் கெடாதிருக்கும் என்னும் நம்பிக்கையும் உடன்வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வெயிலிலே தேங்காய்ப்பால் சேர்ந்த சம்பல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருத்தலாகாது. எஞ்சினால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுக. மூன்றாம் நாள் எஞ்சியிருப்பதைக் கொட்டிவிடத் தயங்கற்க. உள்ளியைக் கூடுதலாகச் சுட்டு வைத்திருக்க விரும்புவோர், பாலும் எண்ணெயும் சேராத வெறும் விழுதைச் சிறு சிறு பங்காக்கி உறைகுளிரிலே வைக்கலாம். உறைந்த நிலையில் அக்கிருமி பெருகாது. வேண்டியபோது ஒரு பங்கை எடுத்துப் புதுப்பாலிலே குழைத்துக்கொள்ளலாம்.

ஆகவே பொதி கட்டும் தாய்மாருக்கு என் வேண்டுகோள் இதுதான். உலர்ந்த பண்டங்களைத் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். சம்பலைப் போத்தலில் அடையாதீர்கள். புறப்படுமுன் ஒரு நாள் அப்பிள்ளையை அடுப்படியிலே பக்கத்தில் இருத்தி, ஈர்க்குச் செல்லும் பதத்தையும், பால் சேர்க்கும் பொறுமையையும், புளி விடும் வேளையையும் காட்டிக் கொடுங்கள். உள்ளி எந்த நாட்டுக் கடையிலும் உண்டு. தேங்காய்ப்பாலும் இப்போது தகரத்திலே அடைத்து அங்கெல்லாம் விற்கிறார்கள்.

இன்னொரு சொல். உள்ளி வாய்வை நீக்கும், இரத்தத்தைச் சுத்தி செய்யும் என்றெல்லாம் வீட்டு வைத்தியத்திலே சொல்வதுண்டு. மருந்தாகக் கருதி உள்ளி உண்போர் பெரும்பாலும் அலிசினையே நாடுகின்றனர். முழுதாகச் சுட்ட உள்ளியிலே அது பிறப்பதில்லை என்பதை முன்னரே கண்டோம். ஆகவே இச்சம்பலை உணவாகக் கொண்டு மகிழுங்கள்; மருந்தாக எண்ணி வைத்தியர் கொடுத்த குளிகைகளை நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் உறையாதிருக்கக் குளிகை எடுப்போர் உள்ளியை மிகுதியாக உண்ணத் தொடங்குமுன் தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நன்று.

இன்று மாலை சோறு வடித்தபின் அடுப்பிலே எஞ்சும் தணலைப் பாருங்கள். அதனை நீர் தெளித்து அணைக்குமுன் இரண்டு உள்ளியைச் சாம்பலிலே புதைத்து வையுங்கள். அரைமணி நேரம் கழித்து ஈர்க்கைச் செலுத்திப் பாருங்கள். மற்றவை உங்கள் கைக்கு ஏற்கனவே தெரிந்தவை.